மணிமொழிக்குக் கருணை மதிப்பெண் வேண்டாம்

மணிமொழியைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். திமிர் பிடித்தவள் என்று ஒரு கூட்டம், வீம்புக்கென்றே பிறந்தவள் என்று ஒரு கூட்டம். ஒருவரும் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. பார்த்தவள் நான். அதனால் நானே சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

என் பெயர் அப்சானா. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் எங்கள் அத்தா அமீருக்குச் செருப்புக் கடை. அதன் மாடியில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் படித்த பெண்ணை வீட்டோடு வைத்துக்கொள்வதா, வெளியூர் வேலைக்கு அனுப்புவதா என்று அத்தாவும் அம்மாவும் மாதக்கணக்கில் சண்டை போட்டு, கடைசியில் இரண்டும் இல்லாமல் மாடியில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நானும் மணிமொழியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவள் அப்பா கொளஞ்சியப்பன், கச்சிராயபாளையத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்துக் கரும்பு வைக்கிறவர். அவள் டவுன் பஸ்ஸில் வந்து போவாள். ஒருநாள் லேடீஸ் சீட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதரை எழுப்பிவிட்டு, நின்றுகொண்டிருந்த ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரியை உட்கார வைத்தாள். அந்த ஆள் கத்திய கத்தலில் டிரைவர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார். இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தபடி நின்றாளே தவிர, ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அப்படிப்பட்ட பிறவி.

இன்ஜினியரிங் முடித்து, அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி, வடக்கே ஒரு பெரிய கல்வி நிறுவனத்தில் எம்.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தாள். அந்த இடத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அங்கே அப்போது பிற்படுத்தப்பட்டவர்களுக்கு இட ஒதுக்கீடே கிடையாது. பொதுப் பட்டியலில், எல்லோரோடும் வரிசையில் நின்று வாங்கிய இடம். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருத்தனும் வைத்துக்கொள்ளவில்லை.

2006-ஆம் வருடம் நினைவிருக்கும். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களிலும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு இடம் ஒதுக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். உடனே வடக்கே மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தகுதி போச்சு, தரம் போச்சு என்று ஒரே கூச்சல். மணிமொழியின் ஹாஸ்டல் சுவரிலும் போஸ்டர் ஒட்டினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இவள் தட்டை வைத்ததும் எதிரில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்துவார்களாம். அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் செமஸ்டர் தேர்வு எழுதிவிட்டு மே மாதம் ஊருக்கு வந்தாள்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு மத்தியானம் கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட மருத்துவ மாணவர்கள் ரோட்டில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் ஷூவுக்கு பாலீஷ் போட்டார்கள். இன்னும் சில பேர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவைப் பெருக்கினார்கள். இட ஒதுக்கீடு வந்தால் எங்கள் கதி இதுதான் என்று காட்டுகிறார்களாம். அத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். கையில் ஒரு ஜோடி செருப்பு. வாங்க வந்தவர் காத்திருக்கிறார்.

"இன்னா இது? பாலீஷ் போட்றது அவ்ளோ கேவலமா? எதிர்ல வீரமுத்து முப்பது வருசமா அதானேடா பண்றான்! நானும் இத்த வித்துதானே இந்தப் பொண்ணப் படிக்க வெச்சேன்!" என்று டி.வி.யைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அவனுங்க நாடகம் ஆடறதுக்கு நம்ம பொழப்புதான் கெடச்சுதா?"

செருப்பு வாங்க வந்தவர் பயந்துபோய் வேறு அளவு கேட்காமலே வாங்கிக்கொண்டு போனார். மணிமொழி படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, டி.வி.ய அணைச்சிடுங்க. உங்களுக்கு பிரஷர் ஜாஸ்தியாயிடப் போவுது" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்தாள். ரிசல்ட் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

உயர்நிலை அல்காரிதம் வடிவமைப்பு என்று ஒரு பாடம். கம்ப்யூட்டரில் ஒரு கணக்கைத் தீர்க்க எந்த வழி சுருக்கமான வழி, அது சுருக்கமான வழிதான் என்பதற்கு என்ன நிரூபணம், சுருக்கமான வழியே இல்லை என்றால் அதற்கு என்ன நிரூபணம் என்று குடைந்து குடைந்து படிக்கிற படிப்பு. அவளுக்கு உயிர் அது. என் சென்டரில் உட்கார்ந்து அதைப் பற்றி எனக்குச் சொல்லும்போது, பக்கத்தில் ரயில் டிக்கெட் எடுக்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பாடத்தில் ஃபெயில். மற்ற எல்லாவற்றிலும் பாஸ், அதில் மட்டும் ஃபெயில்.

நான் பக்கத்தை இன்னொரு முறை ரெஃப்ரெஷ் செய்து பார்த்தேன். அவள் மெயிலைத் திற என்றாள். அவள் வகுப்புக்கு ஒரு யாஹூ குரூப் இருந்தது. அதற்குள் ஒருத்தன் எழுதிவிட்டான். பெயர் போடவில்லை. "இதற்குத்தான் போராடுகிறோம். ஒரு பாடத்தைக்கூடத் தாண்ட முடியாதவர்களுக்குச் சீட்டைத் தூக்கிக் கொடுத்தால் இதுதான் நடக்கும்" என்று இங்கிலீஷில் நாலு வரி. கீழே ஆமாம் சாமிகள் வரிசையாக.

அதே பாடத்தில் இவளைத் தவிர இன்னும் மூன்று பேர் ஃபெயில். ஒருத்தன் அப்பா டாக்டர், ஒருத்தன் அப்பா பெரிய அதிகாரி, இன்னொருத்தன் அப்பாவே ஒரு பேராசிரியர். அவர்கள் ஃபெயிலானதற்குக் காய்ச்சல் காரணம், வெயில் காரணம், போராட்டத்தில் படிக்க நேரமில்லாதது காரணம். இவள் ஃபெயிலானதற்கு மட்டும் சாதி காரணம். இதைச் சொல்லும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"எப்பிடிடீ?" என்றேன். "நீ எனக்கே கத்துக் குடுப்பியே."

அவள் ஒரு பேப்பரை இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள். பெரிய கேள்வி ஒன்று. ஒரே ஒரு மெஷின். வேலைகள் வேறு வேறு நேரத்தில் வந்து சேருகின்றன. சில சின்ன வேலை, சில பெரிய வேலை. எதை எப்போது செய்தால் மொத்தத்தில் எல்லோருக்கும் காத்திருப்பு கம்மியாகும்? ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தி, வேறு வேலையைப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று கேள்வியிலேயே எழுதியிருந்தது. அப்படி விடலாம் என்றால் சுலபம். மிச்சம் எது கம்மியோ அதை முதலில் எடு, அவ்வளவுதான். விடக் கூடாது என்றால் அதே கணக்கு மலையாகிவிடும். சரியான விடையைச் சீக்கிரம் கண்டுபிடிக்க இதுவரை யாருக்கும் வழி தெரியாது, ஏறக்குறைய நல்ல விடைதான் தேடலாம். இந்த மகராசி, விடக் கூடாது என்று வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். அதற்கடுத்த மூன்று கேள்விகளும் இதன் மேல் கட்டியவை. எல்லாம் போச்சு.

"கேள்வியப் படிக்கலியா நீ?"

"படிச்சேன். பாதியில விடலாம்னு இருந்தத என் கண்ணு பாத்துது. ஆனா மண்டையில ஏறல. ஏன்னு தெரில அப்சானா."

இரண்டு நாள் கழித்து என் சென்டர் நம்பருக்கு போன் வந்தது. அந்தப் பாடம் நடத்தின பேராசிரியர். கும்பகோணம் பக்கம் சொந்த ஊர், பல வருடமாக வடக்கிலேயே இருப்பவர். நல்ல மனிதர். இட ஒதுக்கீட்டுக்கு ஆதரவாக அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, மாணவர்களிடம் வசவு வாங்கினவர். நான் ஸ்பீக்கரைப் போட்டேன். போடாதே என்று மணிமொழி கை காட்டினாள். நான் கேட்டால்தானே!

"மணிமொழி, உன் பேப்பரை மறுபடி பார்த்தேன்மா. கேட்டதைவிடக் கஷ்டமான கேள்விக்கு நீ பதில் எழுதியிருக்கே. அதைக் காட்டி கருணை மதிப்பெண் கொடுக்கலாம்னு கமிட்டியில சொல்லிட்டேன். சி கிரேடு வந்துரும். நீ ஒரு மெயில் அனுப்பினா போதும்."

"கேட்டதுக்கு அது பதில் இல்ல சார்."

"தெரியும்மா. ஆனா யோசனை நல்லா இருக்கு."

"யோசனைலயும் ஓட்ட இருக்கு சார். மூணாவது பக்கத்துல ரெண்டு வேலை ஒரே நேரத்துல வந்தா அந்த நிரூபணம் நிக்காது. வூட்டுக்கு வந்துதான் கண்டுபுடிச்சேன். நீங்க பாக்கலியா?"

"பார்த்தேன்" என்றார்.

"அந்த மூணு பேருக்கும் கருணை மதிப்பெண் உண்டா சார்?"

"அவங்க விஷயம் வேற. இந்தச் சமயத்துல நீ ஃபெயில்னா இவங்க அதையே பிடிச்சுண்டு ஆடுவாங்க. உனக்காக மட்டும் இல்லேம்மா, உன்னை மாதிரி வரப் போறவங்களுக்காகவும் சொல்றேன்."

"வேணாம் சார். நான் மறுதேர்வு எழுதறேன்."

அவர் குரல் மாறியது. மறுதேர்வு ஜூலையில் என்றார். அதில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் டி கிரேடுக்கு மேல் கிடையாது, அதுதான் விதி, அந்த டி சான்றிதழில் சாகிற வரை நிற்கும் என்றார். இது கட்டாயப் பாடம், மறுதேர்விலும் தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள், எம்.டெக். அத்தோடு முடிந்தது என்றார். "யோசிச்சுச் சொல்லு" என்றார். "யோசிச்சுட்டேன் சார், ரொம்ப தேங்க்ஸ்" என்று இவள் போனை வைத்தாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சென்டரில் இருந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"உனக்கு இன்னா பைத்தியமா? சும்மா வர்றத வேணாங்கற! சி போட்டுக் குடுக்கறாரு, வாங்கிக்கினு கம்முனு போயேன். தப்பித் தவறி ஜூலைல ஊத்திக்கிச்சுன்னா? மூட்டையக் கட்டிக்கினு வந்து கரும்பு வெட்டுவியா?"

"வெட்டுவேன்."

"ஆ! வெட்டுவா இவ! கோட்டா வேணும்னு சண்டை போடறோம், இது மட்டும் கசக்குதா உனக்கு?"

அப்போதுதான் அவள் குரலை உயர்த்தினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

"இன்ஜினியரிங் சீட்டு எனக்கு கோட்டாலதான்டி வந்துது! எவன் கேட்டாலும் சொல்வேன், தல குனிய மாட்டேன். அது எங்க பங்கு. எங்கப்பன், பாட்டன் எல்லாம் உள்ள வர முடியாம நின்னதுக்கான பங்கு. கதவத் தொறந்து வுட்டாங்க. உள்ள வந்து பரீட்ச எழுதனது நான்தான், எவனும் எழுதிக் குடுக்கல. இது பங்கு இல்ல, பிச்ச. இத நான் வாங்கிக்கினா, அந்தப் பேர் போடாதவன் எழுதனான் பாரு நாலு வரி, அது நெசமாயிடும்."

"வாங்கனது எவனுக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும் இல்ல?"

நான் விடவில்லை. கதவைப் படாரென்று திறந்துவிட்டுக் கீழே போய் அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா மெஹ்ராஜ் பேகம், "நீ ஏன்டி அழுவற, ஃபெயில் ஆனவளே அழுவல" என்றாள். மறுநாள் அவள் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து கச்சிராயபாளையத்துக்கு பஸ் ஏறினேன். கோள் சொல்லத்தான் போனேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

கரும்பு சீசன் முடியப் போகிற நேரம். கொளஞ்சியப்பனின் கரும்புக் கொல்லைக்கு அன்றைக்குத்தான், வெட்டி அனுப்பு என்று சர்க்கரை மில்லில் இருந்து கட்டிங் ஆர்டர் வந்திருந்தது. கல்வராயன் மலையில் இருந்து இறங்கி வந்த ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காசியம்மாள் என்று ஒரு பெண்தான் அவர்களுக்கு மேஸ்திரி. மணிமொழி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கரும்பில் கழித்த காய்ந்த இலைச் சோகையை அள்ளி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தாள், கழுதை.

நான் கொளஞ்சியப்பனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வரப்பில் உட்கார்ந்து கேட்டார். அதற்குள் பக்கத்துக் கொல்லைக்காரர் ஓடிவந்தார். அவருடையது சின்னத் துண்டு நிலம், கரும்பு ஏற்ற டிராக்டர் வந்து நிற்கிறதாம். "காசிம்மா, ஒரு அரை நாளு வந்து வெட்டிக் குடுத்துட்டுப் போயேன்" என்று கெஞ்சினார். காசியம்மாள் அரிவாளை நிறுத்தாமலே கேட்டாள்:

"பாதியில வுட்டுட்டா? இன்னாங்க பேச்சு இது? எறங்கன கொல்லைய முடிக்காம நாங்க கரையேற மாட்டோம். வெட்டிப் போட்டது காய்ஞ்சு எடை போச்சுன்னா இந்த மனுசனுக்கு யார் பதில் சொல்றது? வெட்டாதத ராத்திரில பன்னி மேஞ்சா யார் பதில் சொல்றது?"

அவர் முனகிக்கொண்டே போனார். மணிமொழி கையிலிருந்த சோகை கீழே விழுந்தது. என்னைப் பார்த்தாள்.

"அப்சானா, இதுதான்டி! நான் பொறந்ததுல இருந்து பாதியில வுட்ட கொல்லைய பாத்ததே கெடையாது. அதான் அந்த வரி மண்டையில ஏறல. விடலாம்னு எழுதி இருந்தும், யார்னா விடுவாங்களான்னு தாண்டிப் போயிருக்கேன்!"

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கோ தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அப்ப இத எழுதி அனுப்பு, மார்க் போடுவாங்க" என்றேன்.

"எதுக்கு? தப்பு எங்க இருந்து வந்துதுன்னு தெரிஞ்சா தப்பு சரியாயிடுமா? கேள்வில தெளிவாதான் இருந்துது. அத பாக்காதது நான்."

கொளஞ்சியப்பன் வரப்பில் இருந்து எழுந்து வந்தார். மெதுவாகச் சொன்னார்: "வாத்தியாரே மனசாரக் குடுக்கறாரு பாப்பா. வாங்கிக்கினு வந்துரும்மா. வடக்க போய் தனியா எவ்ளோ கஷ்டப்பட்டுட்ட."

"யப்பா, மில்லுல நம்ம எடைய கொறைச்சுப் போட்டா இன்னா பண்ணுவீங்க?"

"சண்டைக்குப் போவேன்."

"எவனாவது பரிதாபப்பட்டு கூடப் போட்டா?"

அவர் யோசித்தார். "அத சொல்லிக் காட்டியே நம்மள தல நிமிர வுடமாட்டான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அது எழுதட்டும்மா. ஊத்திக்கினா வரட்டும், வூடு இருக்குது" என்றார். கோள் சொல்லப் போன எனக்கு ஒரு கட்டு கரும்பைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.

அதன்பிறகு நான் என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு உதவி செய்தேன். மின்விசிறிக்குக் கீழே இருக்கிற சிஸ்டத்தை அவளுக்கென்றே விட்டேன். அவள் பழைய கேள்வித்தாள்களை எடுத்துப் போடுவாள், நான் கேள்வியைச் சத்தமாகப் படிப்பேன், அவள் ஒவ்வொரு நிபந்தனையையும் தன் வார்த்தையில் எனக்குத் திருப்பிச் சொன்ன பிறகுதான் விடை எழுத ஆரம்பிக்க வேண்டும். இது என் ஏற்பாடு. ஒரு வார்த்தை விட்டாலும் ஸ்கேலால் மேசையில் அடிப்பேன். அவள் எதிர்த்துப் பேசுவாள், நான் இன்னும் ஓங்கி அடிப்பேன். பேராசிரியர் இன்னொரு முறை போன் செய்து, கேள்வித்தாளைக் கொஞ்சம் பார்த்துத் தயாரிக்கிறேன் என்று இழுத்தார். "பாத்துதான் பண்ணணும் சார், லேசாயிடக் கூடாது" என்றாள் இவள். ஐயோ அல்லா என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

ஜூலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டி ஏறினாள். கொளஞ்சியப்பன் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். யாரும் தைரியம் சொல்லவில்லை, அவளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. வண்டி கிளம்பியதும் அவர் என்னிடம், "பயமா இருக்குதும்மா" என்றார்.

தேர்வு முடிந்து ரிசல்ட் வருகிற வரை போனே செய்யவில்லை, ராட்சசி. ஒரு காலையில் மணி அடித்தது.

"பாஸ்" என்றாள். "டி."

"மார்க்கு?"

"மார்க்கு நல்லாதான் போட்டுருக்காரு. விதிப்படி டி."

நான் மாடியிலிருந்து கத்திய கத்தலில் அத்தா கடையை விட்டுவிட்டு ஏறி வந்தார். டி என்றால் நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே எதிரில் இருந்த வீரமுத்துவுக்கும் டீக்கடைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தார். குரூப்பில் அந்தப் பேர் போடாதவன் மறுபடி எழுதினான், டி எடுத்ததற்குப் பாராட்டு என்று நக்கலாக. இவள் அதற்குக் கீழேயே தன் பேரைப் போட்டு "நன்றி" என்று எழுதினாள்.

இங்கே முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் அந்த டி அவளை விடவில்லை. அடுத்த வருடம் கேம்பஸ் இன்டர்வியூவில் வரிசையாக எல்லோருக்கும் வேலை கிடைத்தது. கருணை மதிப்பெண் வாங்கியிருந்தால் இவளுக்கும் முதல் நாளே கிடைத்திருக்கும், நான் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். சான்றிதழைப் பார்க்கிறவன் எவனும் முதலில் அந்த டி-யில்தான் வந்து நின்றான். இட ஒதுக்கீடு வழக்கு அப்போது கோர்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது, பத்திரிகையைத் திறந்தால் அதே பேச்சு. ஒரு கம்பெனியில் நடந்ததை ரூமை விட்டு வெளியே வந்த கையோடு போனில் சொன்னாள். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டாளாம். கடைசியில் நடுவில் உட்கார்ந்திருந்தவன் சான்றிதழைத் தட்டி, சிரித்துக்கொண்டே கேட்டானாம், "கோட்டாவா?" என்று.

"நீ இன்னா சொன்ன?" என்றேன்.

"இந்த சீட்டுக்கு கோட்டா இல்ல சார், இருந்திருந்தா அதுல வந்திருப்பேன், வந்தேன்னு சொல்லியும் இருப்பேன்னு சொன்னேன். ஆனா அந்த டி-ய கோட்டா மேல போடாதீங்க, கேள்விய ஒழுங்கா படிக்காதது நான்னு சொன்னேன்."

"அடியே! அப்புறம்?"

"அப்புறம் இன்னா, போயிட்டு வாங்கன்னாங்க. வேல இல்ல."

திட்டுவதா தேற்றுவதா என்று தெரியாமல் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். போனில் அவளுக்குப் பின்னால் யாரோ அவள் பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிடுவது கேட்டது.

"பக்கத்து ரூமுல அடுத்த கம்பெனிடி. கூப்பிடறாங்க, போறேன்" என்றாள்.

"அங்கயும் அதத்தான்டி கேப்பாங்க!"

"கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.